ரிப்போர்ட்டில் 'ஒன்றும் இல்லை' என்று வந்த பிறகும் வயிறு சரியாகவில்லையா? வெளிநாடு போய் வந்தவர்களுக்கு என் அனுபவம்

மலப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஓவா, சிஸ்ட்: நாட் சீன்' (புழு முட்டையோ, சிஸ்ட் எனப்படும் ஓடு மூடிய கிருமியோ தென்படவில்லை) என்று வந்தால் வயிற்றில் புழுவோ கிருமியோ இல்லை என்று அர்த்தம் கிடையாது. அன்றைக்கு எடுத்த அந்தத் துளியில், அவர்கள் பார்த்த முறையில், கண்ணுக்குப் படவில்லை. அவ்வளவுதான். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும், கையில் இருந்த அடுத்த கான்ட்ராக்ட்டும் போயிருக்காது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து கப்பலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு லேப் லேபாக அலைகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்கத்தில் யாரும் வெளியே பேசுவதில்லை. அதனால்தான் கூச்சத்தை விட்டு முழுசாக எழுதுகிறேன்.

நான் ஏசி, கோல்ட் ஸ்டோரேஜ் மெக்கானிக். தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் முவான்சாவில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் வேலை. குளிரூட்டும் மெஷினின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குத் தண்ணீர் ஏரியிலிருந்துதான் வரும். அந்த ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடிக்கடி அடைத்துக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் வேரைப் பிய்த்து எடுத்தால்தான் பிரஷர் ஏறும். வெயில் உச்சியில்தான் லோடு அதிகம் என்பதால் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். ஏறி வந்ததும் காலில் ஊசி குத்துவது போல அரிக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். சில வாரம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெல்லாம் தடிப்பு. மலேரியா டெஸ்ட் நெகட்டிவ் வந்தும் மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் தானாக இறங்கியது. அந்த அரிப்பும் காய்ச்சலும் ஒரே நோயின் முதல் இரண்டு படிகள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வயிறு கெட்டது. ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் சளியோடு போகும், பிறகு ரத்தம் கீற்றாகத் தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கிற லைன் வீட்டில் தனியாக இருந்தேன். விடியற்காலையில் வரிசையில் நிற்பவர்கள் முகத்தைப் பார்க்கவே கூசும். ஷேர் ஆட்டோவில் ஏறப் பயம். ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து கேன்சர்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது, ராத்திரி தூக்கம் போனது. அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. முதலில் கிடைத்தது வழக்கமான சிகிச்சைதான்: ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரை, அப்புறம் மெட்ரோனிடசோல், அதோடு பூச்சி மாத்திரை என்று அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். ஒவ்வொன்றுக்கும் சில நாள் தேவலை போல இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயணம் போய் வந்தவருக்கு வரும் பேதி பெரும்பாலும் பாக்டீரியாவாலோ வைரஸாலோ வருவது, சில நாளில் அடங்கிவிடும். 14 நாளைத் தாண்டியும் இழுத்தால்தான் ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். 14 நாள் தாண்டிய பேதிக்கு மலத்தைச் சோதிக்காமல் மூன்றாவது முறையும் அதே ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள். காரணம் பணம் மட்டும் இல்லை. மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் கிருமியைக் கொல்லாமல் விட்டாலும் மலத்தில் வருவதைக் குறைத்துவிடும், சோதனையில் தப்பிவிடும். ஆன்டிபயாடிக் முடித்து இரண்டு, மூன்று வாரம் கழித்து மாதிரி கொடுப்பதுதான் முறை. ஆன்டாசிட், பேதி நிறுத்தும் கயோலின் கலந்த மருந்து, விளக்கெண்ணெய் மாதிரி எண்ணெய் மருந்துகள், எக்ஸ்ரேவுக்குக் குடிக்கும் பேரியம் எல்லாமே கண்ணாடித் தகட்டில் படிந்து பார்வையை மறைக்கும். இவற்றை நிறுத்தி ஒரு வாரம், பத்து நாளாவது போக வேண்டும். உடம்பு தாங்காத நிலையில் காத்திருக்கச் சொல்லவில்லை. அந்த நிலையில் மருந்து தொடங்கும் முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும்.

நான் முதலில் மாதிரி கொடுத்தது தெருமுனையில் இருக்கும் ஒரு கலெக்ஷன் சென்டரில். பேர் லேப் என்றாலும் அங்கே மைக்ரோஸ்கோப் கிடையாது. காலையில் வாங்கி வைப்பார்கள், பைக்கில் வரும் பையன் மாலையில் எடுத்துக்கொண்டு மெயின் லேபுக்குப் போவான். சென்னை வெயிலில் அது வரைக்கும் அந்த டப்பா மேசை மேல்தான். உயிரோடு நகர்ந்துகொண்டிருக்கும் அமீபாவும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் உடம்பை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் சிதைந்துவிடும். தண்ணியாகப் போன மலத்தை அரை மணி நேரத்துக்குள், குழைவாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் அவசரம் இல்லை, அதில் இருப்பது சிஸ்ட்டும் முட்டையும்தான், அன்றைக்குள் பார்த்தால் போதும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தாங்கும். ஆகவே கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இங்கேயே பார்க்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா?' வெளியே அனுப்புகிறார்கள் என்றால் மெயின் லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள், அல்லது 10 சதவீத ஃபார்மலின் ஊற்றிய டப்பா இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு ஃபார்மலின், நன்றாகக் கலக்கி மூட வேண்டும். அப்படி வைத்தால் முட்டையும் சிஸ்ட்டும் பல நாள் கெடாது.

எடுக்கும் விதத்தை யாரும் சொல்லித்தருவதில்லை, டப்பாவைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். முதலில் சிறுநீர் கழித்துவிட வேண்டும், சிறுநீர் பட்டால் நகரும் கிருமிகள் செத்துவிடும். கக்கூஸ் தண்ணீரும் படக் கூடாது. அந்தத் தண்ணீரில் தானாக வாழும் நுண்ணுயிர்கள் இருக்கும், அவற்றைப் பார்த்து லேபில் குழம்பக்கூடும். இந்தியன் டாய்லெட் என்றால் பேசின் மேல் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் தாளையோ நாலாக மடித்த செய்தித்தாளையோ விரித்து, அதன் மேல் இருந்து மூடியோடு வரும் குச்சிக் கரண்டியால் நெல்லிக்காய் அளவு எடுத்தால் போதும். மொத்தத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளக் கூடாது. ரத்தம், சளி இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், ஓரத்திலிருந்து கொஞ்சம். டப்பாவின் மேல் பெயரோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். எங்கள் லைன் வீட்டில் வெளியே ஆள் நிற்கும்போது இதையெல்லாம் செய்வது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பத்து மணிக்கு மேல் எடுத்தாலும் சோதனைக்கு ஒரு குறையும் இல்லை. காலை முதல் மலம்தான் வேண்டும் என்பது கட்டாயம் கிடையாது.

ஒரு மாதிரி போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரணமாகச் செய்யும் நேரடி ஸ்மியரில் தகட்டில் வைப்பது சுமார் 2 மில்லிகிராம் மலம். ஒருவர் ஒரு நாளில் 200 கிராம் கழிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அது லட்சத்தில் ஒரு பங்கு. அதோடு ஜியார்டியா போன்றவை தினமும் ஒரே அளவில் வெளிவருவதில்லை. ஒரு மாதிரியை மட்டும் பார்த்தால் சுமார் பாதி முதல் முக்கால் பங்கு வரைக்கும்தான் அகப்படும், மூன்று மாதிரி பார்த்தால் பத்தில் ஒன்பது அகப்படும் என்பார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக, பத்து நாளுக்குள் மூன்று மாதிரி கொடுப்பதுதான் உலக வழக்கம். ஒரே நாளில் மூன்று டப்பா கொடுத்தால் அது ஒரு மாதிரிதான்.

அடுத்தது, லேபில் எதைத் தேடுகிறார்கள் என்பது. 'ஸ்டூல் ரொட்டீன்' என்று சீட்டில் எழுதினால் சலைன் ஒரு சொட்டு, அயோடின் ஒரு சொட்டு, அதில் கரைத்துப் பார்ப்பார்கள். கொக்கிப்புழு, உருளைப்புழு, நம்மூர் அமீபா இவற்றுக்கு அது ஓரளவு போதும். கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா என்ற இரண்டு நுண்ணிய ஒட்டுண்ணிகளும் அதில் அநேகமாகத் தப்பிவிடும். முதலாவது 4 முதல் 6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இரண்டாவது 8 முதல் 10 மைக்ரான் உருண்டை. டிபிக்குச் சளியில் போடுகிற ஆசிட் ஃபாஸ்ட் சாயத்தைச் சற்று மாற்றிப் போட்டால் சிவப்பாகத் தெரியும். 'மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட்' என்று சீட்டில் எழுதியிருந்தால்தான் அந்தச் சாயத்தைப் போடுவார்கள். முக்திநாத் யாத்திரைக்கு நம் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். நேபாளத்தில் மழைக்குச் சற்று முன்பிருந்து மழைக்காலம் வரை சைக்ளோஸ்போரா அதிகம். போய் வந்து வாரக்கணக்கில் பேதி, பசியின்மை, எழுந்திருக்க முடியாத அசதி என்றால் இந்தச் சாயத்தைக் கேட்டே ஆக வேண்டும். அதற்கு மெட்ரோனிடசோல் வேலை செய்யாது. கோட்ரைமாக்சசோல் டபுள் ஸ்ட்ரெங்த் காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள் என்பதுதான் வழக்கமான மருந்து. சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஏதாவது பெயர் வந்துவிட்டால் அதுதான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 'எண்டமீபா ஹிஸ்டோலிடிகா சிஸ்ட்' என்று டைப் அடித்திருப்பார்கள். ஆனால் தீங்கு செய்யாத எண்டமீபா டிஸ்பாரின் சிஸ்ட்டும் மைக்ரோஸ்கோப்பில் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். நகரும் அமீபாவுக்குள் விழுங்கிய சிவப்பணு தெரிந்தால் ஹிஸ்டோலிடிகா என்று சந்தேகிக்கலாம், உறுதியாகச் சொல்ல ஆன்டிஜென் (கிருமியின் புரதத்தைத் தேடுவது) அல்லது பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) சோதனை வேண்டும். எண்டமீபா கோலை, எண்டோலைமாக்ஸ் என்று வந்தால் சிகிச்சையே தேவையில்லை. அசுத்தமான தண்ணீரோ உணவோ உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அதோடு சரி.

ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் என்னைப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மல பிசிஆர் பேனல் எடுக்கச் சொன்னார்கள். 'இருபதுக்கு மேல கிருமி பார்த்துடும், இதுக்கு மேல டெஸ்ட்டே இல்ல' என்று சொல்லித்தான் எடுத்தார்கள். எல்லாமே நெகட்டிவ். அந்தப் பேனலில் இருக்கும் ஒட்டுண்ணிகள் ஜியார்டியா, ஹிஸ்டோலிடிகா, கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா என்று நாலுதான். மற்றதெல்லாம் பாக்டீரியாவும் வைரஸும். புழு ஒன்றுகூட அதில் கிடையாது. பணம் கட்டும் முன் 'இந்தப் பேனலில் எந்தெந்த ஒட்டுண்ணி, புழு இருக்கா?' என்று கேட்டுப் பட்டியலை வாங்கிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பதில் முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே இருந்தது. முந்நூறு ரூபாய் டெஸ்ட். மொத்த வெள்ளையணு 11,200, அதில் ஈஸினோபில் என்ற ஒரு வகை 24 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. பெருக்கிப் பார்க்க வேண்டும்: 11,200-ல் 24 சதவீதம் 2,688. இதற்குப் பெயர் ஆப்சல்யூட் ஈஸினோபில் கவுன்ட், 500-க்குள் இருந்தால் சரி. நம் ஊரில் ஈஸினோபில் ஏறினால் உடனே 'ஈஸ்னோபீலியா இருக்கு, தூசி அலர்ஜி' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கும் அதே பதில். வெளிநாடு போய் வந்தவருக்கு அந்த எண் ஏறியிருந்தால் அலர்ஜி என்று சொல்லும் முன் புழுவைத் தேட வேண்டும். அமீபாவும் ஜியார்டியாவும் ஈஸினோபிலை ஏற்றாது. உடம்பின் திசுக்களுக்குள் ஊர்ந்து போகும் புழுக்கள்தான் ஏற்றும். ஆகவே பேதியும் இருக்கிறது, இந்த எண்ணும் ஆயிரத்தைத் தாண்டுகிறது என்றால் அமீபா மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. இன்னொரு எச்சரிக்கை: ஈஸ்னோபீலியாவுக்கு இங்கே சாதாரணமாகக் கொடுக்கும் டிஇசி மாத்திரையை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் கேட்காமல் போடக் கூடாது. அங்கே சில பகுதிகளில் இருக்கும் ஆன்கோசெர்கா, லோவா லோவா புழுக்கள் உடம்பில் இருந்தால் அந்த மாத்திரை கண்ணையும் மூளையையும் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான எதிர்வினையைக் கிளப்பும்.

பிறகு கொலோனாஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. பயாப்சியோடு (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) பதினான்காயிரம். பெருங்குடலில் அங்கங்கே சிவந்து புண், பயாப்சியில் 'குறிப்பிட்டுச் சொல்ல முடியாத அழற்சி, ஈஸினோபில் அதிகம்'. பெருங்குடலில் புண் வரும் நாள்பட்ட நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸாக இருக்கலாம் என்று மெசலமைன் கொடுத்தார்கள், அது மாதம் நாலாயிரம் ஆனது. ஆயுள் முழுக்க மாத்திரை என்று கேட்டபோது கால் தரையில் நிற்கவில்லை. வெளிநாட்டு மெடிக்கலில் தேற முடியாது என்று ஏஜென்ட் அடுத்த ஆளை அனுப்பிவிட்டார். அடங்கவில்லை என்றால் ஸ்டீராய்டு தொடங்கலாம் என்று அடுத்த சீட்டில் எழுதினார்கள். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, இன்னொருவரிடம் காட்டாமல் அதைப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவு எவ்வளவு முக்கியம் என்று பிறகு தெரிந்தது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒரு நூல் போன்ற புழு உண்டு. இந்தியாவிலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறும். உடம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகிப் பல பத்தாண்டுகள்கூட இருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி அடக்கி வைத்திருக்கும் வரை பெரிதாகத் தெரியாது. ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் லட்சக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை என்று பரவி உயிரையே எடுத்துவிடும். சாதாரண மலப் பரிசோதனை ஒன்றில் இது பெரும்பாலும் தப்பிவிடும். அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் மலத்தை வைத்து, புழு ஊர்ந்த தடம் தெரிகிறதா என்று பார்க்கும் கல்ச்சர், வெதுவெதுப்பான தண்ணீரில் லார்வாவை (புழுக்குஞ்சை) இறங்க வைக்கும் பேர்மன் முறை, ரத்தத்தில் ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) என்று தனியாகக் கேட்க வேண்டும். ஈஸினோபில் ஏறிய ஒருவருக்கு, அது ஆஸ்துமாவுக்கோ தோல் அரிப்புக்கோ குடல் புண்ணுக்கோ எதற்காக இருந்தாலும், ஸ்டீராய்டு என்று எழுதினால் 'ஸ்ட்ராங்கிலாய்டஸ் பார்த்தாச்சா சார்?' என்று வாய் விட்டுக் கேளுங்கள். இதில் கூச்சப்படக் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் புறநோயாளி வரிசையில் நின்று பார்த்த டாக்டரம்மா ரிப்போர்ட் கட்டைத் திறக்கவே இல்லை. 'எங்க வேலை பார்த்தீங்க தம்பி? அந்த ஊர்ல ஏரித் தண்ணியில கால் வெச்சீங்களா?' என்றுதான் முதலில் கேட்டார். அதுவரைக்கும் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. வெளியே சாப்பிட்டாயா, பானிபூரி சாப்பிட்டாயா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஸ்ட்ரெய்னர் விஷயத்தையும் அரிப்பையும் காய்ச்சலையும் சொன்னதும் சீட்டில் 'ஷிஸ்டோசோமா மான்சோனை?' என்று எழுதி, 'கான்சென்ட்ரேஷன் செய்து பார்க்கவும்' என்று அடிக்கோடிட்டார்.

ஷிஸ்டோசோமா மான்சோனை என்பது ரத்தக் குழாய்க்குள் வாழும் ஒரு புழு. இது கெட்ட உணவிலோ குடிநீரிலோ வருவதில்லை. ஏரிக்கரைச் செடிகளில் ஒட்டி வாழும் தட்டையான சின்ன நத்தையிலிருந்து நுண்புழு வெளியே வரும். வெளிச்சம் அதிகமான பகல் நேரத்தில்தான் அதிகம் வரும். தண்ணீரில் நிற்பவரின் தோலைச் சில நிமிடத்தில் துளைத்து உள்ளே போய், நுரையீரல், கல்லீரல் வழியாகக் குடலைச் சுற்றிய ரத்தக் குழாய்களில் ஜோடியாகக் குடியேறி முட்டையிடும். முட்டையில் ஒரு பகுதி குடல் சுவரைக் கிழித்து மலத்தில் வரும், மீதி குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிக்கிக்கொண்டு புண்ணும் தழும்பும் உண்டாக்கும். கவனிக்காமல் பல வருடம் விட்டால் கல்லீரல் தழும்பாகி ரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோகும். நம் டாக்டர்களுக்கு இது உடனே நினைவுக்கு வராததில் ஆச்சரியமில்லை. இந்தியாவில் இதற்கு நெருங்கிய ஒரு நோய் 1950-களில் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற ஒரு கிராமத்தில் பேசப்பட்டதைத் தவிர, இங்கே பார்க்கக் கிடைப்பதே அரிது. ஆகவே போன ஊரை நாம்தான் சொல்ல வேண்டும்.

இதற்காக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது: எந்த நாடு, எந்த ஊர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, ஏரி, ஆறு, வயல் தண்ணீரில் கடைசியாக இறங்கிய தேதி, வெறுங்காலில் நடந்த இடம், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்ட மீன், இறைச்சி, காய்கறி, அங்கே வந்த காய்ச்சல், அரிப்பு, இதுவரை போட்ட மருந்துகள் அளவோடு. டாக்டருக்கு அரை நிமிடத்தில் படிக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். அதே தாளின் நகல் ஒன்று லேபுக்கும் போக வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் பார்க்கும் விதமே மாறும்.

அந்த லேபில் டெக்னீஷியன் அண்ணன் செய்ததை நின்று பார்த்தேன். பட்டாணி அளவு மலத்தை ஃபார்மலினில் கரைத்து, காஸ் துணியில் வடிகட்டி, ஈதர் ஊற்றி, மூடிக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினார். குழாயில் நாலு அடுக்காகப் பிரிந்தது: மேலே ஈதர், அதன் கீழே கொழுப்பும் கசடும் சேர்ந்த அடைப்பு, அடுத்துத் தெளிந்த ஃபார்மலின், அடியில் துளி வண்டல். அடைப்பைக் குச்சியால் விளிம்பில் சுற்றி விடுவித்து மேலே இருப்பதை ஒரே வீச்சில் கொட்டிவிட்டு, வண்டலில் ஒரு சொட்டைத் தகட்டில் வைத்தார். முதல் மாதிரியில் இல்லை, அடுத்ததில் வந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். பழுப்பு மஞ்சளில் நீள்வட்டமாக ஒரு முட்டை, ஒரு பக்கவாட்டில் ரோஜாச் செடியின் முள் போலக் கூரான ஒரு நீட்டல், உள்ளே ஏதோ மங்கலாக ஒரு நிழல். 'அந்த முள்ளுதான் அடையாளம், வேற எதுக்கும் இப்படி சைடுல இருக்காது' என்றார். 140 மைக்ரானுக்கு மேல் நீளம், ஜியார்டியா சிஸ்ட்டைவிடப் பத்து மடங்கு பெரிது. அவ்வளவு பெரியது இத்தனை நாள் தெரியாமல் போனதற்குக் காரணம் எண்ணிக்கை குறைவு என்பதுதான். சில லேபுகளில் உப்புக் கரைசலில் முட்டையை மிதக்க வைத்து மேலே இருந்து எடுப்பார்கள். கொக்கிப்புழுவுக்கு அது அருமையான முறை, இந்த முட்டை அதில் சரியாக மிதக்காது. 'கான்சென்ட்ரேஷன்' என்று மட்டும் சொன்னால் போதாது, அடியில் படிய வைக்கும் செடிமென்டேஷன் முறையா என்று கேட்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் இருக்கிறது என்று தெரிந்து அழவில்லை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, கேன்சர் இல்லை என்றுதான்.

நேரமும் முக்கியம். தண்ணீரில் இறங்கி ஐந்தாறு வாரம் ஆகும் முன் மலத்தில் முட்டையே வராது, அப்போது சோதித்து நெகட்டிவ் வந்தால் அது பதில் ஆகாது. கடைசியாகத் தண்ணீரில் இறங்கி இரண்டு, மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சோதனையும் உண்டு, எல்லா லேபிலும் கிடைக்காது. குணமான பிறகும் அது பல வருடம் பாசிட்டிவாகவே இருக்கும் என்பதால், மருந்து வேலை செய்ததா என்று பார்க்க அதைத் திரும்ப எடுப்பது வீண் செலவு. ஆப்பிரிக்காவில் சிறுநீர்ப் பையைத் தாக்கும் இன்னொரு வகையும் இருப்பதால் சிறுநீரும் கொடுக்கச் சொன்னார்கள். அதைக் காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும், முட்டை அந்த நேரத்தில்தான் அதிகம் வரும்.

மருந்து பிராசிகுவான்டெல். உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு 60 கிலோ, 2,400 மில்லிகிராம், 600 மில்லிகிராம் மாத்திரை நாலு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சாப்பிட்டு இரண்டு. பக்கத்து மெடிக்கலில் இருக்கவில்லை, ஆர்டர் போட்டு வந்தது. கசப்பு, அதனால் கடிக்காமல் விழுங்க வேண்டும். அன்று முழுக்கத் தலைச்சுற்றலும் வயிற்று வலியும் இருந்தது. அன்றும் மறுநாளும் வண்டி ஓட்டக் கூடாது. தானாக வாங்கிப் போடக் கூடிய மருந்து இது இல்லை. மூளையிலோ கண்ணிலோ நாடாப்புழுவின் கட்டி இருப்பவருக்கு இது வலிப்பையும் பார்வைக் கேட்டையும் வரவழைக்கும். ஆகவே முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும். டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் இதன் அளவு ஏறாது, வலிப்பு மாத்திரைகளில் சிலவும் இதன் அளவைக் குறைத்துவிடும். வளர்ந்த புழுவைத்தான் இது கொல்லும், இளம் புழு தப்பிவிடும் என்பதால் சில வாரம் கழித்து இன்னொரு முறை கொடுத்தார்கள். மருந்து போட்ட உடனே ஈஸினோபில் இன்னும் ஏறலாம், பயப்பட வேண்டாம். எனக்கும் ஏறி, பிறகுதான் இறங்கியது. மூன்று மாதம் கழித்து எடுத்த மலத்தில் முட்டை இல்லை, ரத்தம் நின்றுவிட்டது, மெசலமைனை டாக்டரம்மாவே நிறுத்திவிட்டார்.

செலவை நேர்மையாகச் சொன்னால், நோயைக் கண்டுபிடித்த இடத்தில் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஸ்டான்லி மாதிரி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மருத்துவமனை வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மைக்ரோபயாலஜி என்று தனித் துறையே உண்டு. கூட்டம் அதிகம், காலையில் சீக்கிரம் போக வேண்டும், ஒரு நாள் வேலை போகும். அதைக் கணக்குப் பார்க்காதீர்கள். அங்கும் தீரவில்லை என்றால் சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், வேலூர் சிஎம்சி இருக்கிறது.

முவான்சாவில் என்னோடு அந்தத் தண்ணீரில் இறங்கிய நம் ஆட்களுக்கு இதைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். அரிப்போ பேதியோ ஒன்றுமே இல்லாமலும் இந்தப் புழு பல வருடம் உள்ளே இருக்கும். ஊர் திரும்பி மூன்றாவது மாதத்தில் ஆப்சல்யூட் ஈஸினோபில் கவுன்ட், செடிமென்டேஷன் முறையில் மூன்று மலம், மதிய நேரச் சிறுநீர், இந்த மூன்றையும் கொடுத்துவிடுங்கள். இன்னும் அங்கே இருப்பவர்கள் ஸ்ட்ரெய்னர் எடுக்க இறங்கினால் மார்பு வரைக்கும் வரும் ரப்பர் 'வேடர்' (பூட்ஸோடு சேர்ந்த, தண்ணீர் புகாத கால்சட்டை) கேளுங்கள், கம்பெனி தர வேண்டியது அது. குளிக்க ஏரித் தண்ணீர்தான் என்றால் கொதிக்க வைத்து ஆற்றிக் குளியுங்கள், இல்லையென்றால் நத்தை இல்லாத மூடிய தொட்டியில் முழுசாக இரண்டு நாள் தேக்கி வைத்த பிறகு எடுங்கள். நத்தையிலிருந்து வெளியே வந்த நுண்புழு அதற்கு மேல் உயிரோடு இருக்காது.